யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு எந்த வழியால் போவது?

கனடாவிலிருக்கும் பிள்ளைகளிடம் போகப் புறப்படும் தாய் தந்தையருக்கு விமானச் சீட்டுப் பார்த்து எடுக்கும் பொறுப்பு, யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் ஊரில் எஞ்சியிருக்கும் ஒருவரின் தலையில்தான் விழுகிறது. எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் நான். முதலில் அம்மாவுக்கு, பிறகு பெரியம்மாவுக்கு, அதன் பிறகு அயலிலுள்ள சிலருக்கு என்று வழி பார்த்துக் கொடுத்துப் பழகியதால், கேட்பவர்களின் கேள்விகளும் எனக்குப் பழகிவிட்டன. கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையமா, எங்கள் ஊர்ப் பலாலி விமான நிலையமா? டுபாயா, லண்டனா? எது கிட்ட, எது கெதி? இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரியவந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டில் பயணம் செய்பவரையே முதன்மையாக மனதில் வைத்திருக்கிறேன்.

## தூரம் எவ்வளவு?

உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய கோட்டை வரைந்தால், பலாலிக்கும் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம் சுமார் 13,700 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து அளந்தால் அது சுமார் 14,000 கிலோமீற்றர். பள்ளிக்கூடத்து உலகப் படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள், அந்தக் கோடு அரபு நாடுகளையும் ஐரோப்பாவையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து மேற்கே போகும் என்றே நினைப்பார்கள். உண்மையில் அது பலாலியிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கியே கிளம்பி, இந்தியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் ரஷ்யாவின் வட பகுதிக்கும் மேலாகச் சென்று, வட அகலாங்கு 73 பாகை வரை ஏறி, கிரீன்லாந்தைக் கடந்து கனடாவில் இறங்குகிறது.

இந்த அளவு தூரத்தை நிற்காமல் பறக்கும் விமானங்கள் உலகில் இருக்கின்றன. சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையிலான சேவை 15,300 கிலோமீற்றர் வரை பறக்கிறது. ஆனால் இலங்கையிலிருந்து கனடாவுக்கு இடைநில்லாச் சேவை எதுவும் இல்லை. பலாலிக்கு வருபவையோ எழுபது பேர் அளவில் ஏறக்கூடிய ஏ.ரி.ஆர். 72 போன்ற சிறிய விமானங்கள். ஆகவே எங்காவது ஓரிடத்தில் இறங்கி ஏறத்தான் வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

இங்கேதான் முதலில் எனக்கே வியப்பாயிருந்த ஒரு விடயம் வருகிறது. கட்டுநாயக்காவிலிருந்து டுபாய் வழியாகப் போனால் வானில் கடக்கும் தூரம் சுமார் 14,370 கிலோமீற்றர். லண்டன் வழியாகப் போனால் 14,420, இஸ்தான்புல் வழியாக 14,470, டோஹா வழியாக 14,490. பலாலியிலிருந்து சென்னைக்கும் அங்கிருந்து டுபாய்க்கும் போய் ரொறன்ரோவுக்குப் பறந்தாலும் அதே 14,370 தான். பதினாலாயிரம் கிலோமீற்றர்ப் பயணத்தில் இவற்றுக்கிடையேயுள்ள வேறுபாடு யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரையான தூரத்தைவிடக் குறைவு. பலாலியிலிருந்து சென்னை, டெல்லி வழியாகப் போகும் பாதை மட்டும் சுமார் 13,760 கிலோமீற்றரோடு முடிகிறது. அதாவது உருண்டையின் மேல் கோடு போட்டாற்போல் நேரே போகும் வழி அதுதான். நான் பார்த்த வழிகளில் அதிக அலைச்சல் தரக்கூடியதும் அதுவே. இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

## சீட்டில் தெரியும் நேரமும் கழிகின்ற நேரமும்

பயணச் சீட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியே அச்சிடப்பட்டிருக்கும். இலங்கையின் நேரம் ரொறன்ரோவைவிடக் கோடை காலத்தில் ஒன்பதரை மணித்தியாலமும், நவம்பர் முதல் ஞாயிறு தொடக்கம் மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பத்தரை மணித்தியாலமும் முந்தியது. ஆகவே, ஜூலை மாதத்தில் திங்கட்கிழமை இரவு 8 மணிக்குப் புறப்பட்டுச் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு இறங்கும் என்று சீட்டில் இருந்தால், அது பதின்மூன்று மணித்தியாலப் பயணமன்று; இருபத்திரண்டரை மணித்தியாலப் பயணம். சீனி வருத்தத்துக்கு ஊசி போடுபவர்களும் இரத்த அழுத்தத்துக்கு நேரத்துக்கு நேரம் குளிசை எடுப்பவர்களும் இந்தக் கணக்கைப் புறப்படுமுன் வைத்தியரிடம் காட்டி, எத்தனையாவது மணித்தியாலத்தில் எதை எடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்வது அவசியம்.

மேல்வானில் காற்று பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவதால், போகும்போது விமானம் எதிர்க்காற்றில் போகிறது. திரும்பும்போது அதே தூரத்தை ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ குறைவாக எடுத்துக் கடந்துவிடுகிறது. இது எல்லா வழிகளுக்கும் பொதுவானது என்பதால் வழியைத் தெரிவு செய்ய உதவாது.

## எதை வைத்து அளப்பது?

தூரமும் வானில் இருக்கும் நேரமும் ஏறக்குறையச் சமம் என்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது? நிலத்தில் இருக்கிறது. வீட்டு வாசலில் வாகனம் ஏறுவதிலிருந்து ரொறன்ரோவில் மகளின் வீட்டு வாசலில் இறங்குவது வரை எண்ணினால், வேகமான பயணமே ஒன்றரை நாளைத் தொடுகிறது. அதில் பத்தொன்பது, இருபது மணித்தியாலந்தான் வானில் கழிகிறது. மீதி முழுவதும் வீதியிலும் வரிசையிலும் இடைத்தங்கல் கதிரைகளிலும் போகிறது.

அதனால் நான் முதலில் பார்ப்பது, வழியில் எத்தனை தடவை குடிவரவைக் கடந்து பயணப் பொதியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான். முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருக்கிறதா, இரண்டு தனிச் சீட்டுகளா என்பது இதனோடு சேர்ந்தது. ஒரே சீட்டில் முதல் விமானம் பிந்தினால், அடுத்த விமானத்தில் இடம் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. தனிச் சீட்டுகளில் அந்த நட்டம் முழுவதும் பயணியுடையது. அதன் பிறகு, இடைவழி நாட்டின் விசா, பொதியின் எடை, பயணியின் உடல்நிலை, இரவுப் பயணத்தின் அலுப்பு என்று பார்ப்பேன். கட்டணத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். அப்போதும் சீட்டின் விலையோடு வான் வண்டிக்கும் விடுதிக்கும் விசாவுக்கும் மேலதிக எடைக்கும் கொடுக்கும் காசையும் கூட்டியே பார்ப்பேன்.

| வழி | வானில் தூரம் (சுமார் கி.மீ.) | வானில் நேரம் (சுமார் மணித்தியாலம்) | விமானங்கள் | இடையில் பொதி எடுத்தல் | கட்டுநாயக்கா வரை வீதிப் பயணம் |
|---|---|---|---|---|---|
| கட்டுநாயக்கா – வளைகுடா நகரம் | 14,400 | 19 | 2 | ஒரே சீட்டில் இல்லை | உண்டு |
| கட்டுநாயக்கா – லண்டன் | 14,400 | 19 | 2 | ஒரே சீட்டில் இல்லை | உண்டு |
| கட்டுநாயக்கா – இஸ்தான்புல் | 14,500 | 19 முதல் 20 | 2 | ஒரே சீட்டில் இல்லை | உண்டு |
| பலாலி – சென்னை – வளைகுடா நகரம் | 14,400 | 20 | 3 | தனிச் சீட்டில் உண்டு | இல்லை |
| பலாலி – சென்னை – டெல்லி | 13,800 | 20க்கு மேல் | 3 | தனிச் சீட்டில் உண்டு | இல்லை |

## கட்டுநாயக்கா வரையான இரவு

முதல் மூன்று வழிகளுக்கும் பொதுவான செலவு இது. சீட்டில் எங்கும் அச்சாகாதது. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா ஏறக்குறைய 400 கிலோமீற்றர், ஏழு எட்டு மணித்தியாலம். புகையிரதத்தில் போனால் கொழும்புக் கோட்டையில் இறங்கி, வாகனம் பிடித்து மீண்டும் வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வர வேண்டும். இரவுச் சொகுசு பஸ் மலிவானது. ஆனால் இரண்டு பெரிய பொதிகளோடு விடியற்காலையில் ஓர் அறுபத்தெட்டு வயதுப் பெண் தனியாக இறங்கி நிற்பதை நினைத்தால் மனம் ஒப்பாது. இரத்மலானைக்கு உள்நாட்டு விமானம் கிடைத்தாலும், அது கொழும்புக்குத் தெற்கே, கட்டுநாயக்கா கொழும்புக்கு வடக்கே. நகரத்தை ஊடறுத்துப் போகும் நேரமும் சிறிய விமானத்தின் பொதி வரம்பும் சேர்ந்து அந்த இலாபத்தைக் கரைத்துவிடும்.

மிஞ்சுவது வான் வண்டி. மதவாச்சியில் திரும்பி அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக வந்தால் கொழும்புக்குள் நுழையாமலேயே கட்டுநாயக்காவை அடையலாம். ஒருவர் மட்டும் போகும்போது வான் வாடகை கனக்கத்தான் செய்யும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவரை வழியனுப்புவதென்றால் அவர் ஒருவர் மட்டுமா போகிறார்? சித்தப்பா, மாமி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று வான் நிறைந்துவிடும். வழியில் மடு மாதாவையும் முறிகண்டிப் பிள்ளையாரையும் பார்க்காமல் யாரும் விடமாட்டார்கள். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது, முதல் நாள் பகலில் வந்து நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கி, காலாற நித்திரை கொண்டு அடுத்த நாள் விமானம் ஏறுவது. ஓர் அறை வாடகை கூடும்; ஆனால் இரவு முழுதும் இருந்துவந்த உடம்போடு மேலும் பத்தொன்பது மணித்தியாலம் இருந்து போவது நல்லதல்ல.

## வளைகுடா வழி

டுபாய், அபுதாபி, டோஹா ஆகிய மூன்று நகரங்களிலிருந்தும் ரொறன்ரோவுக்கு நேரடி விமானங்கள் உண்டு. டோஹாவிலிருந்து கட்டார் எயார்வேய்ஸ் ரொறன்ரோவுக்குப் பறக்கத் தொடங்கியது 2024 டிசம்பரில்தான். கட்டுநாயக்காவிலிருந்து இந்த நகரங்களுக்கு நான்கரை முதல் ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து ரொறன்ரோவுக்குச் சுமார் பதினான்கு மணித்தியாலம். இந்த வழியின் பெரிய நன்மை, இடையில் எவருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை என்பதுதான். விமான நிலையத்துக்கு உள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுபவருக்கு விசா வேண்டாம், பொதி கட்டுநாயக்காவில் போட்டால் ரொறன்ரோவில் எடுக்கலாம், கனடா விசா எந்த வகையென்று வழியில் ஆராய்ச்சி குறைவு.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. முதலாவது, பதினான்கு மணித்தியாலம் ஒரே கதிரை. கால் வீங்குபவர்கள், இரத்தம் உறையும் அபாயம் உள்ளவர்கள், அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் ஆகியோருக்கு இந்த நீண்ட இரண்டாம் கட்டம் கடினமானது. நடைபாதைக் கதிரையை முன்கூட்டியே காசு கொடுத்தாவது பிடித்து வைப்பது நல்லது. இரண்டாவது, இடைத்தங்கல் நேரம். எல்லா நிறுவனங்களும் ரொறன்ரோவுக்குத் தினமும் பறப்பதில்லை. கொழும்பிலிருந்து வரும் விமானத்தோடு பொருந்தாத நாளில் சீட்டு எடுத்தால், மலிவான விலைக்குப் பின்னால் பன்னிரண்டு மணித்தியாலக் காத்திருப்பு இருக்கும். பெரியம்மாவுக்கு அப்படியொரு சீட்டை ஒரு முகவர் எடுத்துக் கொடுத்தார். கொழும்பில் இரவில் ஏறிய பெரியம்மா, அடுத்த நாள் பகல் முழுவதும் ஒரு பெரிய மண்டபத்தில் இருந்தார். விலையில் மிச்சம் பிடித்தது அங்கு வாங்கிக் குடித்த தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் போனது போக ஏதோ கொஞ்சம் எஞ்சியது. இரண்டரையிலிருந்து நான்கு மணித்தியாலம் வரையான இடைத்தங்கலே முதியவருக்கு ஏற்றது. அதற்குக் குறைந்தால் ஓட வேண்டும், கூடினால் சோர்ந்துவிடுவார்கள்.

சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்து கொள்ளுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும் இதைச் சொல்வேன். டுபாயின் மூன்றாம் முனையத்தில் ஒரு வாயிலிலிருந்து மற்றொரு வாயிலுக்குப் போகும் தூரம் நல்லூர்க் கோயில் வீதியைப் பலமுறை சுற்றுவதற்கு நிகர். அதைவிட, ஆங்கிலம் அதிகம் பேசாதவரை உதவியாளர் ஒருவர் சரியான வாயிலில் கொண்டுபோய் விடுவார் என்ற நிம்மதிக்கே அது வேண்டும்.

இந்தப் பிராந்தியத்தில் பதற்றம் எழும்போது வான்பரப்பு மூடப்படுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலங்கள் மூடியபோது பல விமானங்கள் திசைதிருப்பப்பட்டன. ஆனால் இதை வைத்து வளைகுடாவைத் தவிர்க்கச் சொல்பவர்கள், அதே ஆண்டு மார்ச் 21 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஒரு மின் உபநிலையத் தீயினால் நாள் முழுவதும் ஏறக்குறைய முடங்கிக் கிடந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். புறப்படுவதற்கு முந்திய வாரச் செய்திகளைப் பார்த்து முடிவெடுக்கலாமே தவிர, ஆறு மாதத்துக்கு முன் இதை எவராலும் கணிக்க முடியாது.

## லண்டன் வழி

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் கட்டுநாயக்காவிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரே பறக்கிறது. பதினொரு மணித்தியாலம் அளவில் ஆகும். அங்கிருந்து ரொறன்ரோவுக்குச் சுமார் எட்டு மணித்தியாலம். பயணம் ஐந்து, பதினான்கு என்று பிரியாமல் பதினொன்று, எட்டு என்று பிரிவது உடம்புக்கு இதம். முதல் கட்டத்தில் சோறும் கறியும் பழகிய முறையில் கிடைப்பதும், பணியாளர்களில் தமிழ் விளங்கக்கூடியவர் ஒருவராவது இருக்கக்கூடும் என்பதும் முதன்முதலாக விமானம் ஏறுபவர்களுக்குச் சிறிய விடயங்களல்ல.

சிக்கல் ஆவணங்களில் இருக்கிறது. விமான நிலையத்துக்கு உள்ளேயே விமானம் மாறுவதற்கும் பிரித்தானியா இலங்கைக் கடவுச்சீட்டுக்காரரிடம் இடைத்தங்கல் விசா கேட்கிறது. செல்லுபடியான கனடா விசா வைத்திருப்போருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பிராங்பர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் (ஒரே பொது விசா முறையுள்ள ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையங்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஆகவே போகும்போது பெரும்பாலும் பிரச்சினை இராது. திரும்பி வரும்போதுதான் கவனம் வேண்டும். பெற்றோருக்கான சுப்பர் விசாவில் ஒரு தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை கனடாவில் தங்க முடியும் என்பதால், சிலர் கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் திகதி முடிந்த பிறகும் சட்டப்படியே அங்கு தங்கியிருந்து ஊர் திரும்புகிறார்கள். அவர்களுக்கு ஹீத்ரோவில் அந்த விலக்குக் கிடைக்காமல் போகலாம். இருவழிச் சீட்டு எடுக்குமுன் விசாவின் முடிவுத் திகதியையும் திரும்பும் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லண்டனில் மகன், ரொறன்ரோவில் மகள் என்று பிள்ளைகள் பிரிந்திருக்கும் வீடுகளுக்கு, இடையில் பத்து நாள் லண்டனில் நின்று போகும் ஆசை இயல்பானது. அதற்கு முறையான பிரித்தானிய விசா வேண்டும். கனடாக் கடவுச்சீட்டுக்காரருக்கு 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதி வேண்டும். அந்த விசாவுக்கான செலவையும் கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போய்வரும் செலவையும் சேர்த்தாலும், இரண்டு பயணத்தை ஒன்றாக்குவது இலாபமே. பேரப்பிள்ளைகளை இரண்டு நாட்டிலும் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். லண்டனில் நிற்காமல் விமானம் மாறி மட்டும் போகிறவர்கள், ஸ்ரீலங்கன் வந்திறங்கும் முனையமும் ரொறன்ரோ விமானம் புறப்படும் முனையமும் வேறாக இருக்கக்கூடும் என்பதால், குறைந்தது மூன்று மணித்தியாலமாவது இடைவெளி விட வேண்டும்.

## இஸ்தான்புல் வழி

துருக்கி எயார்லைன்ஸ் முன்பு மாலைதீவைத் தொட்டு வந்தது. 2023 ஒக்டோபர் முதல் கொழும்புக்கு நேரே வருகிறது. ஒன்பது, பதினொன்று என்று பயணம் ஏறக்குறையப் பாதியாகப் பிரிவதே இதன் சிறப்பு. வளைகுடா விலைகள் ஏறியிருக்கும் காலத்தில் இதையும் பார்க்கலாம். மற்றபடி, வளைகுடா வழியைப் பற்றிச் சொன்னவை இதற்கும் பொருந்தும்.

## பலாலி – சென்னை வழி

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. பலாலி 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னைக்கான சேவை தொடங்கி, கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு திருச்சியிலிருந்தும் அந்நிறுவனம் சேவை நடத்தத் தொடங்கியது. கோண்டாவிலிலோ உரும்பிராயிலோ இருப்பவர் காலைச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் விமான நிலையத்தில் நிற்கலாம். ஒன்றேகால் மணித்தியாலத்தில் சென்னை. வான் வண்டியும் இல்லை, இரவுப் பயணமும் இல்லை. கதைக்கும் மொழியும் மாறுவதில்லை.

ஆனால் சென்னையிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது. அங்கிருந்து மீண்டும் டுபாய், அபுதாபி, டோஹா, லண்டன், பிராங்பர்ட் ஆகிய நகரங்களில் ஒன்றுக்கோ, டெல்லிக்கோ போக வேண்டும். மூன்று விமானம் என்பதைவிட, முதல் விமானம் ஒரு சீட்டிலும் மற்றைய இரண்டும் வேறொரு சீட்டிலும் அமைந்துவிடுவதுதான் பெரும்பாலும் சிக்கல். அப்படியானால் சென்னையில் இந்தியக் குடிவரவைக் கடந்து, பொதியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்து, மீண்டும் உள்ளே போய்ப் பொதியைக் கொடுக்க வேண்டும். இதற்கு இந்திய விசா கட்டாயம். இலங்கையருக்கு மின்விசா இணையத்தில் கிடைக்கிறது. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் இந்தியாவுக்கு விசா வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பொதியின் கணக்கு இன்னொன்று. கனடா செல்லும் சீட்டுகளில் பெரும்பாலும் 23 கிலோ வீதம் இரண்டு பொதிகள் கொண்டுபோகலாம். பலாலியிலிருந்து போகும் சிறிய விமானத்தின் வரம்பு அதைவிடக் குறைவு. ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, அரைத்த மிளகாய்த்தூள், பிள்ளைக்குப் பிடித்த பலகாரம் என்று 46 கிலோவையும் நிரப்பாமல் எந்த யாழ்ப்பாணத்துத் தாயாவது விமானம் ஏறியிருக்கிறாரா? மேலதிக ஒவ்வொரு கிலோவுக்கும் பலாலியிலேயே காசு கட்ட வேண்டும். சென்னை வழியைக் கட்டுநாயக்கா வழியோடு ஒப்பிடும்போது இந்தத் தொகையையும், விசாக் கட்டணத்தையும், தேவையானால் சென்னையில் ஓரிரவு அறை வாடகையையும் ஒரு பக்கத்திலும், வான் வாடகையை மறு பக்கத்திலும் எழுதிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோதெல்லாம், தனியாகப் போகும் ஒருவருக்குக்கூட இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகவே வந்தன.

என் மச்சான் ஒருவர் இவற்றையெல்லாம் சரியாகத்தான் திட்டமிட்டார். விசா எடுத்தார், பொதியைக் குறைத்தார், சென்னையில் ஐந்து மணித்தியால இடைவெளியும் விட்டார். அது ஒரு நவம்பர் மாதம். மழையினால் விமானம் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி வந்தது. சென்னையில் குடிவரவைக் கடந்து அவர் பொதியோடு ஓடியபோது அடுத்த விமானத்தின் பதிவு மூடப்பட்டுவிட்டது. தனிச் சீட்டு என்பதால் இரண்டு நிறுவனங்களும் பொறுப்பேற்கவில்லை. புதுச் சீட்டின் விலை பழையதைவிட அதிகம். வடகீழ்ப் பருவமழை யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் ஒரே காலத்தில்தான் நனைக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலின்போது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை தனிச் சீட்டில் இந்த வழியால் போகிறவர் சென்னையில் ஓரிரவு தங்குவதாகவே திட்டமிட வேண்டும்.

டெல்லி வழியில் இவற்றோடு மேலும் ஒன்று சேர்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடிய பின், டெல்லியிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போகும் எயார் இந்தியா விமானங்கள் சுற்றிப் பறக்கவும், சில வேளைகளில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பவும் வேண்டியதாயிற்று. தூரத்தில் மிகக் கிட்டிய வழி, நேரத்தில் மிக நீண்ட வழியாக மாறியது இப்படித்தான்.

இவ்வளவு சொன்னாலும், சென்னை வழியே சிறந்ததாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. சென்னையில் வைத்தியப் பரிசோதனை, கலியாணத்துக்குப் புடவை எடுத்தல், தமிழ்நாட்டுக் கோயில் தரிசனம் என்று எப்படியும் சில நாள் நிற்கப் போகிறவர்களுக்கு அது இடைத்தங்கலே அல்ல, பயணத்தின் ஒரு பகுதி. முதுகு வருத்தத்தால் எட்டு மணித்தியாலம் வான் வண்டியில் இருந்தபடி வீதியால் போக இயலாதவர்களுக்கும், கையில் ஒரு பையோடு மட்டும் திரும்பிப் போகும் இளையவர்களுக்கும் இதையே சொல்வேன். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போய் அங்கிருந்து சென்னை போகலாமா என்று கேட்டவரும் ஒருவர் உண்டு. போகலாம், ஆனால் ரொறன்ரோவுக்கு விமானம் பிடிக்கும் அவசரத்தோடு அல்ல.

## எந்த மாதத்தில்?

வழியை மாற்றுவதால் கிடைக்கும் இலாபத்தைவிட, மாதத்தை மாற்றுவதால் கிடைக்கும் இலாபம் பல வேளைகளில் பெரிது. கனடாவில் பள்ளிக்கூட விடுமுறை ஜூலையும் ஓகஸ்டும். நல்லூர்த் திருவிழாவும் அந்தக் காலத்தையொட்டியே வருவதால், அங்குள்ளவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வந்து, செப்டெம்பர் முதற் கிழமையில் பள்ளிக்கூடம் தொடங்குமுன் திரும்புகிறார்கள். ஓகஸ்ட் கடைசியில் இங்கிருந்து ரொறன்ரோவுக்குச் சீட்டுத் தேடும் தாய், திரும்பிப் போகும் அந்தக் கூட்டத்தோடுதான் போட்டியிட வேண்டும். மே மாதமோ செப்டெம்பர் கடைசியோ புறப்பட்டால் எல்லா வழிகளிலும் விலை இறங்கியிருக்கும். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஜனவரி, பெப்ரவரியிலும் விலை குறைவுதான். ஆனால் முதன்முதலாகப் போகிறவரை உறைபனிக்குள் இறக்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

## பெரியம்மாவின் இரண்டாவது பயணம்

இந்த ஆண்டு பெரியம்மா மீண்டும் புறப்படுகிறார். வயது எழுபத்தொன்று, சீனி வருத்தம், முழங்கால் நோ, ஆங்கிலம் சொற்பம், பொதி வழமைபோல் 46 கிலோ. பலாலியால் போகத்தான் ஆசைப்பட்டார். வீட்டிலிருந்து பார்த்தால் விமானம் ஏறி இறங்குவது தெரியும் தூரத்தில் இருக்கிறார். அவருடைய பொதியின் எடையையும், சென்னையில் அதைத் தனியாக இழுத்துக்கொண்டு வெளியே வந்து மீண்டும் உள்ளே போக வேண்டியதையும் எடுத்துச் சொன்னதும் தானாகவே கைவிட்டார். மே மாதத்துக்கு, வளைகுடா வழியாக, ஒரே சீட்டில், மூன்றேகால் மணித்தியால இடைத்தங்கலோடு, சக்கர நாற்காலியும் நடைபாதைக் கதிரையும் பதிந்து எடுத்திருக்கிறேன். முதல் நாள் பகலில் வான் வண்டியில் போய் நீர்கொழும்பில் தங்குவதாக ஏற்பாடு. விசாக் கடிதம், காப்புறுதி, மருந்துச் சிட்டை, மகளின் தொலைபேசி இலக்கம் நான்கும் கைப்பையில். ஊறுகாய்ப் போத்தலும் கைப்பையில்தான் வரும் என்கிறார், பாதுகாப்புச் சோதனையில் அதுவும் திரவக் கணக்கில் சேரும், நூறு மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.